விலாங்குக்கு ஒரு வாசல்

என் மனைவி டெல்ஃபினா என்ன வேலை பார்க்கிறாள் என்று என் அம்மாவுக்குப் பல வருஷமாகப் பிடிபடவில்லை. நர்ஸ் என்றால் ஊசி போடுவாள். டீச்சர் என்றால் பாடம் நடத்துவாள். இவளோ விடிந்ததும் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு மலைக்குப் போகிறாள், பொழுது சாய்கிறபோது முழங்கால்வரை சேற்றோடு திரும்புகிறாள், கையில் ஒன்றும் கொண்டுவருவதில்லை.

"அப்படி என்னதான்டா செய்றா உன் பொண்டாட்டி?" என்று அம்மா கேட்பாள்.

"வளர்ச்சித் திட்ட ஒருங்கிணைப்பாளர்ம்மா."

"பேரு பெருசாத்தான் இருக்கு. செய்றது என்ன?"

நானும் பல விதமாக விளக்கிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் எரிச்சலில், "இங்க சொன்னத அங்க போய்ச் சொல்றா, அங்க சொன்னத இங்க வந்து சொல்றா. அதுக்குத்தான் சம்பளம்" என்றேன்.

"அத நம்ம தெருவுல எல்லாரும் சும்மாவே செய்றாங்களே" என்றாள் அம்மா.

எங்கள் பாக்காவ் நகரச் சந்தைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சின்ன செல்போன் கடை. ரீசார்ஜ் செய்வேன், உடைந்த கண்ணாடி மாற்றுவேன், தண்ணீரில் விழுந்த போனை அரிசிக்குள் புதைத்து வைத்து உயிர் வருமா என்று பார்ப்பேன். என் வேலையில் பொருள் ஓடும் அல்லது ஓடாது, அத்தோடு முடிந்தது. டெல்ஃபினாவின் வேலையில் அப்படி ஒரு முடிவே கிடையாது. பணம் தரும் வெளிநாட்டுக்காரர்களுக்கு ஊர்க்காரர்கள் மேல் கோபம் வந்தால் இவளுக்குத்தான் திட்டு. ஊர்க்காரர்களுக்கு இஞ்சினியர் மேல் கோபம் வந்தாலும் இவளுக்குத்தான். தலைநகர் டிலியில் உள்ள தலைமை அலுவலகத்தில் சில்வேரியோ என்று ஒரு மேலாளர் இருக்கிறார். அவருக்கு யார் மேலும் கோபம் வரத் தேவையில்லை, காலையில் எழுந்தாலே போதும், இவளுக்குப் போன் போட்டுவிடுவார்.

இதற்கு முன்பு ஒரு மலைக்குடியிருப்பில் தண்ணீர்த் தொட்டி ஒன்று கட்டிக் கொடுத்தாள். திறப்பு விழாவுக்குப் பிறகு ஒரே ஒரு கோடைதான் அதில் தண்ணீர் வந்தது. மேலே இருந்தவர்கள் குழாயை வெட்டித் தங்கள் தோட்டத்துக்குத் திருப்பிக்கொண்டார்கள். இப்போது அந்தத் தொட்டிக்குள் யாரோ ஆடு கட்டுகிறார்கள். அந்த வழியாகப் போவதைத் தவிர்க்க டெல்ஃபினா மலையைச் சுற்றிப் போவாள், பெட்ரோல் செலவு எனக்கு.

அதனால்தான் இராசோபா வேலை வந்தபோது, "இதுவும் அப்படி ஆச்சுன்னா நான் விட்டுடுவேன், ஃபிர்மினோ" என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பித்தாள்.

மாத்தேபியான் மலைச்சரிவில் இரண்டு குடியிருப்புகள் இருக்கின்றன. மேலே இராசோபா, கீழே லாவுதேரி. இராசோபாவுக்கும் கீழே, லாவுதேரிக்கு மேலே, ஒரு பள்ளத்தில் வற்றாத ஊற்று. அது இராசோபாவில் உள்ள ஒரு குலவீட்டுக்கு, அதாவது ஒரே முன்னோர் வழிவந்த குடும்பங்களுக்கு, சொந்தம். லாவுதேரியில் ஒரு சுகாதார நிலையம் உண்டு. கட்டடம் புதுசு, கட்டில் புதுசு, குழாய்கூட இருக்கிறது, திறந்தால் காற்று வரும். அங்கே பிரசவம் பார்க்கிற நர்ஸ் ஜுஸ்டா ஒரு சட்டம் போட்டிருந்தாள். வலி எடுத்துப் பெண்ணைக் கூட்டிவருகிறவர்கள் இரண்டு பெரிய கேன் நிறையத் தண்ணீரும் கொண்டுவர வேண்டும். ஆகவே ஒருத்தர் பெண்ணைத் தாங்க, மற்றவர்கள் ஊற்றுக்கு இறங்கித் தண்ணீர் சுமந்துகொண்டு ஓடிவருவார்கள். சில குழந்தைகள் தண்ணீருக்கு முன்னாலேயே வந்துவிடும். ஒருமுறை சுத்தம் செய்யத் தண்ணீர் இல்லாமல் ஒரு தாய்க்குக் காய்ச்சல் கண்டு, அவள் பிழைத்தது பெரும்பாடாகிவிட்டது. அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று டெல்ஃபினா சாப்பிடவில்லை.

ஊற்றிலிருந்து சுகாதார நிலையத்துக்குக் குழாய். இவ்வளவுதான் வேலை. கூட்டம் போட்டார்கள், இரண்டு ஊரும் தலையாட்டியது. ஆடு அடித்தார்கள், பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார். குலவீட்டின் சார்பாக அங்கே இருந்தவன் தொமே, ஜுஸ்டாவின் தம்பி. ஜுஸ்டா அந்தக் குலவீட்டில் பிறந்து லாவுதேரிக்கு வாக்கப்பட்டவள். தொமே அன்று பனங்கள் குடித்துவிட்டு இஞ்சினியர் நெலியோவின் தோளில் கை போட்டு, "எனக்குப் பொண்ணு இருந்தா உனக்குத்தான்டா" என்று சொல்லிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

அக்டோபரில் எல்லாம் கெட்டது. ஊற்றைச் சுற்றி சிமென்ட் பெட்டி கட்டுவதற்காக வேலையாட்கள் குட்டையை இறைத்திருக்கிறார்கள். பாறை இடுக்கில் முழங்கை கனத்துக்கு ஒரு விலாங்கு மீன் இருந்திருக்கிறது. கடற்கரைப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தன் அதை வாளியில் பிடித்து, எலுமிச்சையும் மிளகாயும் இருந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறான். கூட இருந்தவன் உள்ளூரில் கல்யாணம் செய்தவன், பயந்துபோய் வாளியைப் பிடுங்கிக் கீழே ஓடையில் கொட்டிவிட்டான். மாலையில் தொமே வந்து பார்த்தபோது குட்டை காய்ந்து கிடக்கிறது, நாலு பக்கமும் சிமென்ட் சுவர் எழும்பி நிற்கிறது. மறுநாள் காலை ஊற்றின் முன்னால் ஒரு கம்பம் நின்றது. அதில் ஆட்டுக்கொம்பு, குருத்தோலை, சிவப்புத் துணி. தடை கட்டிவிட்டான். அதைத் தாண்டி ஒரு கரண்டி சிமென்ட் போட எங்கள் பக்கம் யாருக்கும் தைரியம் வராது, பாதிரியாருக்கும் வராது.

அந்த விலாங்குதான் ஊற்றுக்குக் காவல். குலவீட்டுக்காரர்கள் அதைத் தாத்தா என்பார்கள். இதை ஏன் கூட்டத்தில் சொல்லவில்லை என்று வெளியாட்கள் கேட்பார்கள். குலவீட்டு விஷயத்தைக் கூட்டத்தில் வைத்துப் பேச மாட்டார்கள், அது டெல்ஃபினாவுக்கும் தெரியும். கூட்டம் கலைந்த பிறகு வெற்றிலை பாக்கோடு தனியாகப் போய், வேறு ஏதாவது பார்த்துக்கொள்ள வேண்டியது உண்டா என்று கேட்பதுதான் முறை. அந்த வாரம் வெளிநாட்டுக்காரர்கள் விமானம் ஏறுவதற்குள் தொடக்க விழா நடக்க வேண்டும் என்று சில்வேரியோ குதித்தார். இவள் அந்த ஒரு வெற்றிலையை விட்டுவிட்டாள்.

அவளுடைய வண்டியில் கிளட்ச் ஒயர் அறுந்திருந்ததால் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். இந்தத் தடவை வெற்றிலை மறக்கவில்லை. தொமே வீட்டு வாசலில் சண்டைச் சேவலுக்குக் கால் கழுவிக்கொண்டிருந்தான்.

"கோவமா இருக்கீங்களாண்ணே?" என்றாள் டெல்ஃபினா.

"எனக்கென்ன கோவம் தங்கச்சி? உட்காரு. மச்சான், நீயும் உட்காரு."

வெற்றிலை மென்றோம். சேவலைப் பற்றிப் பேசினோம். கடைசியில் அவனே ஆரம்பித்தான். "எங்க தாத்தாவ வாளியில போட்டுத் தூக்கிருக்கான். மிளகா கேட்டானாம்."

"தப்பு என்னோடதுதாண்ணே. நான் வந்து கேட்டிருக்கணும்."

"கேட்டிருக்கணும்தான்."

"சுவர இடிச்சிடுறோம். அவரு வந்து போக வழி விட்டுக் கட்டுறோம். தடைய எடுக்கலாமா?"

"கட்டினது நான். அவுக்குற உரிமை எனக்கு இல்ல. அது மூத்தவன் வாயால வரணும்."

குலவீட்டுக்கு மூத்தவன் தொமேயின் அண்ணன் அபேல். அவன் அயர்லாந்தில் ஒரு தொழிற்சாலையில் கோழி வெட்டிக்கொண்டிருந்தான். எப்போது வருவான் என்று கேட்டதற்கு, ஒப்பந்தம் முடிந்தால் வருவான் என்றான் தொமே. எப்போது முடியும் என்பது அவனுக்கே தெரியவில்லை. ஆனால் வருஷம் முடிவதற்குள் குழாய் போடாவிட்டால் மிச்சப் பணம் திரும்பிப் போய்விடும் என்பது டெல்ஃபினாவுக்கு நன்றாகத் தெரியும்.

இதற்கு நடுவில் ஜுஸ்டா வேறு ஒரு காரியம் செய்துவைத்திருந்தாள். தடை கட்டிய அன்றே நர்ஸ் உடுப்போடு ஏறி வந்து, ஊரார் முன்னால் தம்பியைப் பிடிபிடியென்று பிடித்துவிட்டாள். பெற்றுப் போடுகிற பெண்களைவிடப் பாம்பு மாதிரி ஒரு மீன் உனக்குப் பெரிசா என்று கேட்டாளாம். "தாத்தாவப் பாம்புன்னுட்டா" என்று எங்களிடம் சொன்னான் தொமே. "அவ இப்ப கீழ் வீட்டுக்காரி. எனக்கு அக்கா இல்ல."

திரும்பி வரும் வழியில் டெல்ஃபினா என் முதுகில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். தூங்குகிறாளாக்கும் என்று நினைத்தேன். "முதல்ல நெலியோ" என்றாள்.

நெலியோ நல்ல பையன். இந்தோனேசியாவில் படித்தவன், சட்டையை உள்ளே விட்டுப் பெல்ட் போடுவான். ஊற்றுப் பெட்டிக்கு மூடி போட்டுப் பூட்ட வேண்டும் என்பது அவன் படித்த பாடம். "மீனுக்கு வழி விட்டா இலை விழும், தவளை வரும், மாட்டுச் சாணி வரும். அப்புறம் பிறந்த பிள்ளைக்கு வயித்தால போச்சுன்னா என்னைத்தான் கேப்பாங்க. நான் இஞ்சினியர் அக்கா, மீன் புரோக்கர் இல்ல."

அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது. டெல்ஃபினா வாக்குவாதம் செய்யவில்லை. அவனைக் கூட்டிக்கொண்டு போய் ஊற்றுப் பக்கத்தில், கம்பத்துக்கு இப்பால், சும்மா உட்கார வைத்தாள். தொமே வந்து தள்ளி உட்கார்ந்தான். வேகவைத்த சோளமும் பூசணியும் ஒரு பெண் கொண்டுவந்து வைத்தாள், சாப்பிட்டார்கள். நெலியோ திரும்பும்போது, "தண்ணி உண்மையில குட்டைல பிறக்கல, மேல பாறைல பிறக்குது" என்று தனக்குத்தானே முனகிக்கொண்டு வந்தான். இரண்டு நாள் கழித்து என் கடைக்கே ஒரு வரைபடத்தோடு ஓடிவந்தான். பாறையில் தண்ணீர் கசியும் இடத்திலேயே சின்னதாக ஒரு பெட்டி கட்டிப் பூட்டிவிடலாம். குழாய்க்கு அதிலிருந்து எடுத்துக்கொண்டு மிச்சம் வழிவதைக் குட்டைக்கு விடலாம். குட்டை திறந்தே கிடக்கும். சுவரில் ஓடைப் பக்கம் ஒரு வாசல்.

"தாத்தா உடம்பு எவ்வளவு கனம்னு தொமேகிட்ட கேட்டுச் சொல்லுங்க. வாசல் அளவு வைக்கணும்" என்றான். இதைக் கேட்டு டெல்ஃபினா சிரித்த சிரிப்பை நான் ரொம்ப நாளைக்குப் பிறகு பார்த்தேன்.

அடுத்து சில்வேரியோ. "வரைபடத்த மாத்தினா காரணம் எழுதணும் டெல்ஃபினா. விலாங்குன்னா எழுத முடியும்?"

"உள்ளூர் நீர்வாழ் உயிரினப் பாதுகாப்புன்னு எழுதுங்க சார்."

பணம் கொடுப்பவர்களுக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போய்விட்டது. உடனே சம்மதித்தார்கள், கூடவே அந்த உயிரினத்தின் புகைப்படம் ஒன்று அனுப்பச் சொன்னார்கள். தாத்தாவைப் படம் எடுப்பதாவது. அந்தப் படம் இன்றுவரை போகவில்லை, அவர்களும் கேட்பதை விடவில்லை.

இனி அபேல். என் கடையிலிருந்தே வீடியோ கால் போட்டோம். வெள்ளைத் தொப்பியும் வெள்ளை அங்கியுமாக ஒரு மனிதன் திரையில் வந்தான், பின்னால் ஜன்னலில் இருட்டு. டெல்ஃபினா எதையும் பூசி மெழுகாமல் நடந்ததை எல்லாம் சொன்னாள். வாளி என்றதும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். புது வாசல் பற்றிச் சொன்னதும் திறந்தான்.

"போன வருஷம் என் மருமக லாவுதேரில பெத்தா. அவளுக்குத் தண்ணி தூக்கினவன் தொமேதான்" என்றான் அபேல். "நான் சொல்றேன் தங்கச்சி. இப்பவே வேணும்னாலும் சொல்றேன். அவுத்துடச் சொல்லு."

காரியம் முடிந்தது என்று நினைத்துக் காபி வாங்கப் போனேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இராசோபா பெரியவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவிழ்க்கும் சொல்லை ஊற்றின் முன்னால் நின்றுதான் சொல்ல வேண்டும், போனில் சொன்னால் செல்லாது. "தாத்தா காதுல போன வச்சா கேக்குமா?" என்று தொமே கேட்டான். கேலிக்குக் கேட்கவில்லை, மெய்யாகவே கவலையோடு கேட்டான். போன் செல்லும் என்றே வைத்துக்கொண்டாலும் பள்ளத்தில் சிக்னல் கிடையாது. மேட்டில் கல்லறைகளுக்குப் பக்கத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

அன்று சாயங்காலம் டெல்ஃபினா ஷூவைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்துவிட்டாள். டிலியில் ஓர் அலுவலகத்தில் ஏ.சி. அறையில் உட்கார்ந்து கணக்குப் பதிகிற வேலை ஒன்று இருக்கிறது, கேட்டால் கிடைக்கும் என்றாள். உள்ளதைச் சொன்னால், எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. சேறு இல்லை, திட்டு இல்லை. பிறகு அவள் முகத்தைப் பார்த்தேன், சந்தோஷம் போய்விட்டது.

"ஜுஸ்டாகிட்ட நான் என்னன்னு சொல்வேன்?" என்றாள். "எல்லாரும் சரின்னுட்டாங்க. இஞ்சினியர் சரின்னுட்டான், டிலி சரின்னுட்டான், அபேல் சரின்னுட்டான். அந்தச் சரிய மேட்டுலருந்து பள்ளத்துக்குக் கொண்டுபோக முடியல."

எனக்குப் பசி. பசியில் என் வாய் எப்போதும் கோணலாகத்தான் பேசும். "அதானே உன் வேலை. இங்க சொன்னத அங்க போய்ச் சொல்றது. மேட்டுல கேட்டுட்டுப் பள்ளத்துல போய்ச் சொல்லிட்டு வா, போ" என்றேன்.

அம்மா கூடத்திலிருந்து சிரித்தாள். டெல்ஃபினா சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஏதோ தட்டு பறந்து வரப்போகிறது என்று நான் ஒதுங்கினேன்.

"ஃபிர்மினோ, கல்லறை மேட்டுலருந்து ஊத்து வரைக்கும் வரிசையா ஆள நிறுத்தினா? ஒருத்தர் சொன்னா அடுத்தவருக்குக் கேக்கும்ல?"

மறுநாள் மறுபடியும் வெற்றிலை. பெரியவர்கள் வெகுநேரம் தங்களுக்குள் பேசினார்கள். தொமே அவர்களிடமிருந்து எழுந்து வந்தான்.

"போன்ல வந்தா அது சத்தம். வாய்லருந்து வாய்க்கு வந்தா அது பேச்சு" என்றான். "பாட்டன் பூட்டன் சொன்னதெல்லாம் நமக்கு அப்படித்தான வந்துச்சு. ஒத்துக்கிட்டாங்க."

"ஒரு சங்கடம் இருக்குண்ணே. அவ்வளவு நீளத்துக்கு உங்க ஊர்ல ஆள் பத்தாது."

தொமே மென்றதைத் துப்பினான். கீழ் ஊரிலிருந்தும் ஆட்கள் வர வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. அவனே சொல்லட்டும் என்று காத்திருந்தாள். நான் என் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வரச் சொல்லு" என்றான் கடைசியில்.

"இன்னொண்ணு. அபேலண்ணன் வாயிலருந்து முதல்ல வாங்குறது உங்க ரத்தமா இருக்கணும். நீங்க தடைய அவுக்க ஊத்துல நிக்கணும். மேட்டுல யாரு?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. "அவ கீழ் வீட்டுக்காரி."

"பேச்சு அவளோடது இல்லண்ணே. தூக்கிட்டு வரப்போறா, அவ்வளவுதான். சின்ன வயசுல இந்த ஊத்துலருந்து உங்களுக்குத் தண்ணி தூக்கினவதானே, வார்த்தையத் தூக்க மாட்டாளா?"

தொமே எழுந்தான். சேவலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். கதவைச் சாத்தவில்லை. எங்கள் ஊரில் அதற்குச் சரி என்று அர்த்தம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டு எல்லோரும் வந்தார்கள். கல்லறை மேட்டிலிருந்து காபித் தோட்டம் வழியாகப் பள்ளம்வரை ஆட்கள் நின்றார்கள், மேல் ஊர்க்காரர், கீழ் ஊர்க்காரர், மாற்றி மாற்றி. ஆண்கள் சிலர் சேவலோடு வந்திருந்தார்கள், எங்கே போனாலும் அவர்களுக்குச் சேவல் வேண்டும். நடுவில் இரண்டு பேர், ஒரு வேலித் தகராறில் பல வருஷமாக முகம் பார்க்காதவர்கள், பக்கத்தில் பக்கத்தில் வந்துவிட்டார்கள். நான் அவனிடம் பேச மாட்டேன் என்று ஒருத்தன் கை கட்டி நின்றான். டெல்ஃபினா போய் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டாள். "நீங்க என்கிட்ட சொல்லுங்க. நான் அவர்கிட்ட சொல்றேன்" என்றாள்.

மேட்டில் நானும் ஜுஸ்டாவும். என் கையில் போன், இடுப்பில் பவர் பேங்க். அங்கே அபேலுக்கு இன்னும் விடியவில்லை, வேலைக்குப் போகும் முன் தோளில் குலத்துத் துண்டைப் போட்டுக்கொண்டு நின்றான். முதல் தடவை சிக்னல் போனது. இரண்டாவது தடவை அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் ஒரு கல்லறையின் மேல் ஏறி, உள்ளே இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கையை உயர்த்திப் பிடித்தேன். வந்தது.

"முன்னால் இருந்தவரே, பின்னால் வந்தோம்" என்றான் அபேல்.

ஜுஸ்டா வாங்கிச் சொன்னாள். அடுத்தவள் சொன்னாள். அடுத்தவன் சொன்னான். குரல் தோட்டத்துக்குள் இறங்கியது, கிழவன் குரலாக, பெண் குரலாக, ஒரு கரகரப்பாக. தூரத்தில் டெல்ஃபினாவின் குரல் எனக்குத் தனியாகக் கேட்டது. அதற்கப்புறம் எதுவும் கேட்கவில்லை.

"உமது வீட்டில் கை வைத்தோம், உமது வாசலை மறித்தோம்."

இதுவும் இறங்கியது.

"கொஞ்சம் நகர்ந்து இடம் தாரும். உம் பிள்ளைகளின் பிள்ளைகளுக்குத் தாகம்."

எங்கோ ஒரு சேவல் கூவியது, யாரோ அதன் கழுத்தைப் பொத்தினார்கள். வார்த்தை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. சொல்ல வேண்டியது முடிந்தது. அபேல் துண்டை எடுக்காமல் அப்படியே நின்றான். பிறகு சாதாரணக் குரலில், "ஜுஸ்டா, தொமேவுக்கு இதையும் சொல்லி அனுப்பு. அக்கா மேல இருக்குற கோவத்த விடச் சொல்லு" என்றான்.

ஜுஸ்டா என்னைப் பார்த்தாள். ஊருக்கே அதட்டல் போடுகிறவளுக்கு இதைச் சொல்ல வாய் வரவில்லை. "இத நானே எப்படிச் சொல்றது?" என்றாள்.

"நீங்க சொல்லல. தூக்கிட்டு மட்டும் போறீங்க" என்றேன். வீட்டில் கேட்டுக் கேட்டு எனக்கும் கொஞ்சம் வந்துவிட்டது.

அவள் சொன்னாள். அடுத்தவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனாலும் சொன்னாள். அக்கா மேல் இருக்கிற கோபத்தை விடச் சொல்லு, அக்கா மேல் இருக்கிற கோபத்தை விடச் சொல்லு என்று இரண்டு ஊர் வாயும் சொல்லிக்கொண்டே போனது. கை கட்டி நின்றவன்கூடச் சொன்னான், அவசரத்தில் டெல்ஃபினாவை விட்டுவிட்டு அந்தப் பக்கத்துக்காரனிடம் நேராகவே சொல்லிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. வார்த்தை பள்ளத்துக்குள் போய்ச் சேர்ந்தது. நாங்கள் காத்திருந்தோம். அபேல் திரையில் காத்திருந்தான்.

கீழிருந்து ஒரு குரல் ஏற ஆரம்பித்தது. முதலில் ஒன்றும் புரியவில்லை. வாய்க்கு வாய் ஏறி ஏறிக் கடைசியில் ஜுஸ்டாவுக்குப் பக்கத்தில் நின்றவள் சொன்னாள்: "அவுத்தாச்சாம். அக்காவ இறங்கி வரச் சொல்றார். வந்து முதல் தண்ணி குடிக்கணுமாம்."

ஜுஸ்டா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு சரிவில் ஓடினாள். நான் அபேலுக்குத் தெரியும்படி போனைத் திருப்பிப் பிடித்தேன். அவன் தொழிற்சாலைக்கு அன்று தாமதமாகத்தான் போயிருப்பான்.

மழை இறங்குவதற்குள் குழாய் போட்டுவிட்டார்கள், மேல் ஊர் ஆட்களும் சுமந்தார்கள். தாத்தா திரும்பி வந்தாரா என்று எல்லோரும் கேட்பார்கள். நான் பார்த்ததில்லை. தொமே வந்துவிட்டார் என்கிறான். நெலியோ தன் வாசல் வழியாக ஒரு வால் நுழைந்ததைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்கிறான், இப்போது அவன்தான் யாராவது தாத்தா என்று சொல்லாமல் விலாங்கு என்றால் முறைக்கிறான்.

திறப்பு விழாவில் பேசியவர்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னார்கள். பாதிரியாருக்கு, அதிகாரிக்கு, பணம் தந்தவர்களுக்கு, இஞ்சினியருக்கு, அயர்லாந்தில் இருந்த அபேலுக்குக்கூட. டெல்ஃபினா பெயரை ஒருத்தரும் சொல்லவில்லை. அவள் அந்த நேரம் அதிகாரியின் மனைவிக்கு நாற்காலி தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் விருந்தைப் பாதியில் விட்டு எழுந்தேன். வீட்டுக்கு வந்து கத்தினேன். "பேர் சொல்லலன்னா என்ன, தண்ணி வருதுல்ல" என்று சொல்லிவிட்டுப் படுத்தாள். ஆனால் அவளுக்கும் வலித்தது, புரண்டு படுத்ததில் எனக்குத் தெரிந்தது.

பிப்ரவரியில் ஒரு நாள் இருவரும் அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். லாவுதேரி வளைவில் டெல்ஃபினா என் தோளைத் தட்டி, "நிறுத்து, நிறுத்து" என்றாள். வண்டி பழுதோ என்று நினைத்தேன். எதிரே ஒரு குடும்பம் சுகாதார நிலையத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தது. வலி எடுத்த பெண் ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அம்மா ஒரு பக்கம், மாமியார் ஒரு பக்கம் அவளைத் தாங்கிக்கொண்டார்கள். புருஷன் பின்னால் வந்தான். அவனுக்குத் தன் இரண்டு கைகளையும் என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டைப்பையில் விட்டான், எடுத்தான், தலையைச் சொறிந்தான்.

"பாத்தியா?" என்றாள் டெல்ஃபினா.

"என்னத்த?"

"கையில ஒண்ணுமில்ல. வெறுங்கையோட வர்றாங்க."

அவள் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை. அதற்குள் அவள் போன் அடித்தது, சில்வேரியோதான், அந்த உயிரினத்தின் படம் என்ன ஆயிற்று என்று. அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "பாக்குறேன் சார்" என்றாள். மறுநாள் வேறொரு மலைக்குப் போக வேண்டியிருந்தது. டிலி வேலை பற்றி அவளும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்த மலையிலிருந்து சாயங்காலம் அவள் முழங்கால்வரை சேற்றோடு வீட்டுக்குள் நுழைந்தபோது அம்மா வழக்கம்போல, "இன்னிக்கும் வெறுங்கைதானா?" என்றாள்.

நான் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குடும்பத்தைப் பற்றிச் சொன்னேன். கேன் இல்லாமல் வந்ததை, அந்தப் பையனின் கைகளை. அம்மா திரும்பி டெல்ஃபினாவின் சேற்றுக் கால்களைப் பார்த்தாள்.

"உன்னப் பெத்தப்ப உங்கப்பா தண்ணி எடுக்கப் போயிருந்தாரு" என்றாள். "அவரு வந்து சேர்றதுக்குள்ள நீ பொறந்துட்ட. கூட ஆள் இல்ல."

பிறகு எழுந்து போய் டெல்ஃபினாவுக்குக் கால் கழுவச் சுடுதண்ணீர் வைத்தாள்.